இருண்ட திரைக்குள் இருந்த என் மகள்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆனி மாதத்து மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்த விஷயம் இது. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கிறோம். எனக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே டிரையரில் நிற்பேன். அரைத்த ஈரக் கொழுந்து ஒரு பக்கம் உள்ளே போய், சூடான காற்றில் காய்ந்து, மறுபக்கம் கறுப்புத் தூளாக வந்து விழும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. பேச்சு அதிகம் வராத எனக்கு அது பொருத்தமான இடம்.

அப்போது என் மனைவி வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். மகள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய சமயத்தில் போனவள். ஒரு ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடலாம் என்றுதான் போனாள். அது இன்னொரு ஒப்பந்தமாகி, பிறகு அந்த வீட்டுக்காரர்கள் இன்று நாளை என்று இழுத்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது வந்துவிட்டது. கெமரா உள்ள போனை வேலைக்காரர்கள் வைத்திருக்க அந்த வீட்டில் விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுப் போனிலிருந்து கொஞ்ச நேரம் பேச விடுவார்கள். போனைக் காதில் வைத்தால் மகள் ஒன்றும் பேசமாட்டாள். அவள் மூச்சுவிடும் சத்தத்தை மட்டும் மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசியில் என்னிடம் ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் சொல்வாள்.

“புள்ளய எடுத்து வைங்க. வந்து பாத்துக்கிறேன்.”

எடுத்து வைப்பது என்றால் வீடியோ. அதற்காகவே ஒரு நல்ல போன் வாங்கினேன். மகள் சோறு உண்பது, மழையில் குதிப்பது, வாத்தியார் மாதிரி குச்சியை வைத்துக்கொண்டு கோழிகளை மிரட்டுவது என்று எல்லாவற்றையும் எடுத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பராவில் இருமினால் நம் வீட்டில் இருமியது போலக் கேட்கும். அதனால் புருஷனும் பெண்சாதியும் தேவைக்குத்தான் பேசுவோம். கல்யாணம் ஆனதிலிருந்து அவளை “இந்தா”, “கேக்குதா” என்று கூப்பிட்டிருக்கிறேனே தவிர, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வீடியோ எடுக்கும்போது யாராவது பார்த்துச் சிரிப்பார்கள் என்று, மகளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போய்விடுவேன். ஆரம்பத்தில் ஒன்றும் பேசாமல்தான் எடுத்தேன். போகப் போக, போனுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவளிடம் பேசத் தொடங்கிவிட்டேன். இதோ பார், உன் நடைதான் இவளுக்கும் என்பேன். பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் உன் ஞாபகம் வருகிறது என்பேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முகத்துக்கு நேரே ஒரு நாளும் சொல்லியிருக்க முடியாததையெல்லாம் அந்தப் போனிடம் சொல்லி வைத்தேன்.

இனி அந்த ஆனி மாதத்துக்கு வருகிறேன். லயத்திலிருந்து ஸ்டோருக்கு நடந்து போகும்போது காற்றோடு சேர்ந்து அடித்த மழையில் நன்றாக நனைந்துவிட்டேன். சட்டைப் பைக்குள் தண்ணீர் நின்றது. போனை எடுத்துப் பார்த்தால் ஓரங்களில் நீர் கசிந்தது. படம் தெரிந்தாலும் அடியில் ஒரு புகை மாதிரி படர்ந்திருந்தது. பயந்துபோனேன். வேறு வேலை செய்கிற ஆளாக இருந்தால் துணியில் துடைத்துவிட்டு வைத்திருப்பான். நான் டிரையர்காரன். பிழிந்தால் சாறு வருகிற கொழுந்து என் கண் முன்னால் மொறுமொறுவென்று காய்ந்து விழுவதைத் தினமும் பார்க்கிறவன். ஈரம் என்றால் எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். போனை ஒரு துணியில் சுற்றி, சூட்டுக் காற்று வருகிற குழாய்க்குப் பக்கத்தில் இருந்த தட்டில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

திரும்பி வந்து எடுத்தபோது போன் கையில் வைக்க முடியாமல் சுட்டது. திரை முழுவதும் கறுப்பு. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கறுப்பு.

ஸ்டோரில் விஷயம் பரவிவிட்டது. என்னோடு வேலை செய்கிற ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, “என்னா மச்சான், போன வறுத்து எடுத்துட்டியாம்ல? என்ன கிரேடு விழுந்துச்சு, டஸ்டா?” என்று கேட்டான். டஸ்ட் என்பது தூளாக விழுகிற கடைசித் தரத் தேயிலை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் அந்தப் போன் எப்போதும் போல அலாரம் அடித்து என்னை எழுப்பியது. திரை கறுப்பாகவே இருந்தது, உள்ளுக்குள் உயிர் மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை அது மணி அடித்தது. வழக்கமாக விரலை எந்தப் பக்கம் இழுப்பேனோ அந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தேன். மனைவியின் குரல் கேட்டது. டிக்கட் போட்டுவிட்டார்களாம், இரண்டு கிழமையில், பதினாலு நாளில், வந்துவிடுவாளாம். அவள் சந்தோஷமாகப் பேசினால் எனக்குத் தெரியும், வேகமாகப் பேசுவாள். அப்படிப் பேசினாள். கடைசியில் கேட்டாள்.

“எல்லாத்தயும் எடுத்து வச்சிருக்கீங்கல்ல?”

“ம். இருக்கு” என்றேன்.

அவள் இல்லாத காலத்தில் நடந்த எல்லாமே அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தது. வேறெங்கும் ஒரு துண்டு கூட இல்லை. எங்கள் லயத்தில் சிக்னல் ஒழுங்காக வராது, இன்டர்நெட்டில் ஏற்றி வைக்கிற பழக்கமெல்லாம் எனக்குத் தெரியவும் தெரியாது.

கடைக்குக் கொண்டு போய்க் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. திருத்தக் கொடுத்த போனிலிருந்து ஒரு பிள்ளையின் படங்கள் வெளியே போய்விட்டதாக எங்கள் தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. உண்மையோ பொய்யோ தெரியாது. நான் பயந்தது படங்களுக்கு அல்ல, என் பேச்சுக்கு. யாரோ ஒருவன் கடையில் உட்கார்ந்து, நான் என் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டுச் சிரிப்பான் என்று நினைத்தாலே உடம்பு கூசியது.

இருந்தும் ஒரு நாள் லீவு போட்டுத் தலவாக்கலைக்குப் போனேன். ஒரு பெரிய கடையில் காட்டினேன். அங்கே இருந்த பையன்கள் நல்லவர்கள்தான். வைத்துவிட்டுப் போங்க, ரெண்டு நாள் கழிச்சு வாங்க, பார்ப்போம் என்றார்கள். வைத்துவிட்டுப் போவது என்றதும் நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பி வரும் பஸ் லிந்துலையில் கொஞ்ச நேரம் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எதிரே ஒரு சின்ன கொமினிகேஷன் கடை. போட்டோ கொப்பி, ரீலோட், போன் திருத்தம் என்று எழுதியிருந்தது. என்ன நினைத்தேனோ, இறங்கிவிட்டேன்.

இறங்கியவன் கடைக்குள் போகவில்லை. வெளியே தொங்கிய போன் கவர்களைப் பார்ப்பது போல நின்றேன். உள்ளே தொப்பி போட்ட, என் வயதுடைய ஒரு முஸ்லிம் நானா இருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு அம்மாவுக்குப் பேப்பர்களைக் கொப்பி எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“உள்ளுக்கு வாங்க. மழைக்க நிண்டு கவர் வாங்கத் தேவயில்ல.”

உள்ளே போய் போனை மேசையில் வைத்தேன். என்ன நடந்தது என்று கேட்டார். மழையில் நனைந்தது என்றேன். பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மழைத் தண்ணீர் இப்படிச் செய்யாதே என்றார். டிரையரில் வைத்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போனைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தார்.

“போன் உசிரோடதான் ஈக்கி. கண்ணுதான் போய்ட்டு. ஆனா பெட்டரி உப்பி ஈக்கி, பாருங்க. ஒருக்கா ஓஃப் ஆகினா மறுபடி எழும்புமோ தெரியா.”

உயிர் இருக்கிறது என்றால் திரையை மாற்ற முடியாதா என்று கேட்டேன். இந்த மாடலுக்குத் திரை கொழும்பிலிருந்து வரவேண்டும், கழற்றும்போது பெட்டரி என்ன செய்யும் என்றும் சொல்ல முடியாது, உள்ளே இருப்பதுதான் முக்கியம் என்றால் முதலில் அதை வெளியே எடுப்போம் என்றார். உள்ளே என்ன என்று கேட்டார். பிள்ளையின் வீடியோ, சம்சாரம் வெளிநாட்டிலிருந்து வருகிறாள், பார்த்ததில்லை என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஒரு உடைந்த தரையோட்டை எடுத்து மேசையில் வைத்து, அதன் மேல் போனை வைத்தார். சூடாகிப் பற்றிக்கொண்டாலும் மேசை பிழைக்கும் என்றார். பிறகு ஒரு வயரை எடுத்துப் போனையும் ஒரு மடிக் கணினியையும் இணைத்தார். கணினியில் போனின் பெயர் வந்தது. அவர் அதைத் திறந்தார். உள்ளே வெறுமையாக இருந்தது. ஒன்றுமே இல்லை.

அழிந்துவிட்டதா என்று கேட்டேன்.

அழியவில்லை, கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் என்றார். வயரைப் போட்டவுடன் போன் தன் திரையில் ஒரு கேள்வி கேட்குமாம். இந்தக் கணினியை உள்ளே பார்க்க விடவா, வேண்டாமா என்று. நாம் விடு என்று தொட்டால்தான் அது காட்டுமாம். அந்தக் கேள்வி இப்போதும் வந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை. அதற்கு முன்னால் பூட்டையும் திறக்க வேண்டும்.

பூட்டு என்பது புள்ளிகளை விரலால் இணைத்துப் போடுகிற கோடு. நான் போட்டுப் பார்த்தேன். போன் உறுமியது. பிழை. மறுபடி போட்டேன். மறுபடி உறுமியது. நானா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு, காலையில் அலாரம் அடித்ததும் படுக்கையில் கிடந்து எப்படிப் போடுவீங்களோ அப்படிப் போடுங்க என்றார். கண்ணை மூடினேன். விரல் தானாகப் போனது. டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. பூட்டுத் திறந்த சத்தம்.

ஆனால் அந்தக் கேள்வி திரையில் எங்கே நிற்கிறது, விடு என்பதை எங்கே தொட வேண்டும் என்று இருவருக்கும் தெரியாது. குருட்டாம்போக்கில் தொட்டு, வேறெதையாவது அழித்துவிட்டால்? இதே மாடல் போன் இன்னொன்று இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தொடலாம் என்றார் நானா. அவரிடம் அது இல்லை. பக்கத்துக் கடைகளில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று குடையை எடுத்தார்.

அப்போது, கொப்பி எடுத்த பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து நீட்டினார். அதே மாடல். அவர் சிங்களப் பெண். எங்கள் பேச்சு அவருக்கு முழுவதும் விளங்கியிருக்காது. மேசையில் கிடந்த போனையும் என் முகத்தையும் பார்த்தே ஏதோ விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். நானா சிங்களத்தில் அவருக்கு விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வரும் தாய், பிள்ளையின் வீடியோ என்று சொன்னது எனக்கும் விளங்கியது. அந்த அம்மா தன் போனின் பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நானா அவருடைய போனை வயரில் போட்டார். திரையில் அந்தக் கேள்வி வந்தது. விடு என்பது எந்த இடத்தில் நிற்கிறது என்று அளந்து பார்த்து, ஒரு ஸ்டிக்கரிலிருந்து நகம் அளவு வெட்டி, என் போனின் கறுப்புத் திரையில் அதே இடத்தில் ஒட்டினார். வயரை என் போனுக்கு மாற்றினார். நான் கண்ணை மூடிக் கோட்டைப் போட்டேன். டிக். ஒட்டிய இடத்தைத் தொட்டேன். கணினியைப் பார்த்தோம். வெறுமை.

இன்னும் ஒரு தடவை செய்தோம். வெறுமை. போன் சூடாகத் தொடங்கியது. நானா வயரைப் பிடுங்கிவிட்டு யோசித்தார். அதே போன், அதே கேள்வி, இடம் மட்டும் எப்படி மாறும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட இடங்களில் நான் வாயைத் திறக்கமாட்டேன். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயம். அன்றைக்குச் சொன்னேன்.

“நானா, எனக்குக் கண்ணு கொஞ்சம் மட்டு. அதுனால எழுத்தப் பெருசாக்கி வச்சிருக்கேன். அதோட என் போன்ல எல்லாம் தமிழ்ல வரும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுத்து பெரிதானால் கேள்வி அதிக வரிகளாக ஓடும், பொத்தான் இடம் மாறிப்போகும். அந்த அம்மாவின் போன் சின்ன எழுத்தில், சிங்களத்தில் இருந்தது. நானா அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். உங்கள் போனைக் கொஞ்ச நேரம் தமிழுக்கு மாற்றலாமா, எழுத்தையும் பெரிதாக்கலாமா என்று. அந்த நேரம் பார்த்து அவர் போகவேண்டிய பஸ் வந்து கடைக்கு முன்னால் நின்றது. அவர் எழுந்து பஸ்ஸைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். இன்னும் பஸ் இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். பஸ் புறப்பட்டுப் போனது.

அவருடைய போனில் எல்லாம் பெரிய தமிழ் எழுத்துகளாக மாறியது. கேள்வி வந்தபோது பொத்தான் முன்பிருந்த இடத்தைவிடக் கீழே இறங்கியிருந்தது. நானா பழைய ஸ்டிக்கரை உரித்துப் புதிய இடத்தில் ஒட்டினார். நான் கண்ணை மூடினேன். டிக். தொட்டேன்.

கணினியில் ஒவ்வொன்றாக, போல்டர் என்கிற மஞ்சள் பைகள் வந்து நின்றன. கெமரா என்ற பையை நானா திறந்ததும் திரை முழுவதும் என் மகள். கட்டம் கட்டமாக, சின்னச் சின்னதாக, இரண்டே பல்லோடு, வாய் நிறையப் பல்லோடு, மொட்டைத் தலையோடு, இரட்டைச் சடையோடு.

நானா அந்தப் படங்களைப் பார்க்கவில்லை. கண்ணை உடனே கீழே இறக்கி எதையோ அழுத்தினார். படங்கள் மறைந்து வெறும் பெயர்களும் எண்களும் வரிசையாக நின்றன. அதை எதற்காகச் செய்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் தேர்ந்து கொப்பி கொடுத்தார். வெட்டி எடுக்காமல் கொப்பி எடுப்பதுதான் நல்லது, நடுவில் போன் அணைந்தாலும் உள்ளே இருப்பது அழியாமல் இருக்கும் என்றார். ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகரத் தொடங்கியது. கரண்ட் ஒரு முறை போய் வந்தது. மடிக் கணினி என்பதால் தப்பியது. நானா ஒரு அட்டையை எடுத்துப் போனுக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவர் கை ஓய்ந்தபோது அந்த அம்மா வாங்கி விசிறினார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

கோடு ஓடி முடிந்தது. சில நிமிடங்களுக்குப் பிறகு போன் தானாகவே அணைந்தது. அதன் பிறகு அது எழும்பவே இல்லை.

அந்த அம்மாவின் போனைப் பழையபடி மாற்றிக் கொடுத்தார் நானா. நடுவில் தன் போனைத் தானே வாசிக்க முடியாமல் அந்த அம்மா சிரித்தார். நன்றி சொல்லச் சரியான சிங்களம் எனக்கு வரவில்லை. கை கூப்பினேன். அவரும் கை கூப்பிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அவர் எந்த ஊர் என்று கூடக் கேட்கவில்லை.

வந்தது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் நானா. பார்ப்பதென்றால் என் குரல் கேட்கும். நான் முகத்தை எப்படி வைத்திருந்தேனோ தெரியாது. அவர் ஒரு ஹெட்செட்டை எடுத்துக் கணினியில் செருகி, திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்தார்.

“இது ஒங்கட வூட்டு விசயம். நீங்களே பாருங்க. ஓடுதா இல்லியா எண்டு மட்டும் செல்லுங்க, போதும்.”

சொல்லிவிட்டுக் கடைக்கு வெளியே போய், தகரத்தில் மழை கொட்டும் இடத்தில், ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டார். அது அவருடைய கடை. அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வீடியோவைத் திறந்தேன். மகள் ஒரு பூவைப் பிடுங்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு ஆணின் குரல், மனைவியின் பெயரைச் சொல்லி, இந்தப் பூவை உனக்குத்தான் தருகிறாள், வாங்கிக்கொள் என்றது. அது என் குரல்தான். எனக்கு அடையாளமே தெரியவில்லை. நான் இவ்வளவு மெதுவாகப் பேசுகிற ஆளா என்று இருந்தது. இன்னொன்றைத் திறந்தேன், இன்னொன்றை. எல்லாம் ஓடின. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஓடுது நானா என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டினார்.

உள்ளே வந்து எல்லாவற்றையும் ஒரு சின்ன மெமரி சிப்பிலும் ஒரு பென் டிரைவிலும் ஏற்றினார். ஒன்றை வீட்டிலும் மற்றதை வேறு யார் வீட்டிலாவதும் வைக்கச் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு தன் கணினியில் இருந்ததை அழித்தார். குப்பைத் தொட்டி மாதிரி ஒரு படம் இருக்கிறதே, அதையும் திறந்து காலி செய்து காட்டினார். பார்த்துட்டீங்கதானே என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

மனைவி வந்தாள். கறுத்து, மெலிந்திருந்தாள். மகளுக்கு ஒரு பெரிய பொம்மை கொண்டுவந்திருந்தாள். மகள் பொம்மையை வாங்கிக்கொண்டு என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். பிறகு, அவளை வளர்த்த சின்னம்மா, அதாவது என் மனைவியின் தங்கை வீட்டுக்கு ஓடிவிட்டாள். அது பக்கத்துக் காம்பராதான். அன்று சாயங்காலம் அந்தச் சுவருக்கு மேலே மகளின் குரல் வந்தது.

“சின்னம்மா, அவங்க எப்ப போவாங்க?”

மனைவி அப்போது பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்ததை அப்படியே வைத்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் வாங்கி வந்த போனில் அந்த சிப்பைப் போட்டுக் கொடுத்தேன். எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று காட்டிவிட்டு விறகு எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வரும்போது அவள் இஸ்தோப்பில், வாசலுக்கு முன்னால் இருக்கும் அந்தத் தாழ்வாரத்தில், உட்கார்ந்திருந்தாள். போனைச் சத்தமாக வைத்திருந்தாள். என் குரல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது லயம் முழுவதும் கேட்டது. விறகை இறக்கி வைக்கவும் தோன்றாமல் நின்றேன். பக்கத்தில் போய், ஹெட்செட் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கேக்கட்டும்” என்றாள்.

லயத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஸ்டோரில் என்னைக் கேலி செய்தவனும் அதே லயம்தான், தன் வாசலில்தான் இருந்தான். எழுந்து உள்ளே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கதவு திறந்தது. தன் குரலைத் தானே கேட்ட மகள் மெதுவாக வந்தாள். முதலில் எட்டி நின்றாள். பிறகு கிட்ட வந்தாள். இது யாரு என்று கேட்டாள். நீதான் என்றாள் மனைவி. நான் இப்படியா இருந்தேன் என்று கேட்டு, போனை நன்றாகப் பார்ப்பதற்காக அவள் மடியில் கையை ஊன்றினாள். மனைவி அசையாமல் இருந்தாள். அசைந்தால் பிள்ளை போய்விடுமோ என்று பயந்தது போல இருந்தது.

அந்த ஒரு வீடியோ முடிந்ததும் அவள் போனை அணைத்துவிட்டாள். மகள் இன்னொன்று கேட்டாள். நாளைக்கு என்றாள். நானும் கேட்டேன், இவ்வளவு இருக்கிறதே, உட்கார்ந்து பார்த்து முடித்துவிடலாமே என்று.

“ஒரே நாள்ல பாத்தா அது படம் பாத்த மாதிரி ஆகிரும். ஒவ்வொண்ணா பாத்தாத்தான் நான் வளத்த மாதிரி இருக்கும்.”

அப்படியே செய்தாள். சாயங்காலத்தில் ஒன்று. வேலையும் மழையும் இல்லாத நாட்களில் ஒன்றையே இரண்டு மூன்று முறை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைத் தானே கேட்டாள். எந்த நாளில் அவளை அம்மா என்று கூப்பிட்டாள் என்று எங்களுக்கு ஞாபகம் இல்லை. அது தானாக வந்தது.

அடுத்த வருடம் மகளுக்குக் காய்ச்சல் வந்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மருந்துத் துண்டு எழுதிய மிஸ், அதாவது நர்ஸ், பிள்ளைக்கு முன்பு அம்மை போட்டிருக்கிறதா, எப்போது என்று கேட்டார். அம்மை போட்ட நாளில் மனைவி வெளிநாட்டில் இருந்தாள், அதனால் பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள். தை மாதம், பொங்கல் முடிஞ்ச கையோட, மொதல்ல முதுகுலதான் போட்டுச்சு, இடது காதுக்குப் பின்னால ஒரு வடு இருக்கு என்று. மிஸ் மகளின் காதை மடித்துப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்த வடுவை வீடியோவில் அவளுக்குக் காட்டி வைத்த நானே மறந்துபோயிருந்தேன்.

முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு மழை நாளில் எங்களுக்காகக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். மகளைப் பற்றி யாராவது கேட்கும்போது என் மனைவி எனக்கு முன்னால் பதில் சொல்வதைக் கேட்டால், அவர்கள் இருவரும் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.